மலையிலே மழை, ஆற்றிலே நாம்!

சம்பளம் போட்ட வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிட்டால் போதும். லயத்து வாசலிலே ஒரு பேச்சு தானாகவே கிளம்பும். “என்னப்பா, ஆத்துப் பக்கம் போயிட்டு வரலாமா?” என்று ஒருவர் தொடங்குவார். “நானும் வரேன்” என்று மூன்று பேர் சேர்வார்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன பழைய கூட்டாளிகளுக்குத் தகவல் பறக்கும். ஒருவர் காரை எடுத்து வருவதாகச் சொல்வார். ஒருவர் அரிசியும் சட்டியும் தருவார். சின்னப் பையன்கள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் மண்புழு தோண்டப் போவார்கள். சனிக்கிழமை இரவுக்குள் ஒன்பது பத்துப் பேர் கொண்ட பட்டாளம் தயாராகிவிடும்.

எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. மழை வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். கேட்டால், “வந்தா பாத்துக்கலாம்” என்பார்கள்.

இந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். ஆற்றில் மீன் பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு. வாரம் முழுவதும் குனிந்து நிமிர்ந்து உழைத்த உடம்புக்கு அதைவிட மலிவான ஓய்வு வேறு கிடையாது. போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எப்படிப் போவது, எப்போது திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெரியப்பாவின் விசில்

பேராவின் தென்பகுதியிலே, தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். உறவு இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் அவர் பெரியப்பாதான். நாற்பது ஆண்டுகள் மரம் சீவியவர். மீன் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஓர் ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஒன்பது பேர் அவரோடு ஆற்றுக்குப் போயிருந்தோம். காலையெல்லாம் ஒரு மீனும் கிடைக்கவில்லை. மத்தியானம் ஒரு மணி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று மீன்கள் கடிக்கத் தொடங்கின. ஒருவன் ஒரு பாவோங்கைத் தூக்கினான். அதை முள்ளிலிருந்து கழற்றுவதற்குள் அடுத்தவனுடைய தூண்டில் வளைந்தது. ஆளுக்கு ஆள் ஒரே கூச்சல், ஒரே குதூகலம்.

பெரியப்பா மட்டும் தம் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி போல இருந்த தண்ணீர் லேசாகத் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. மூங்கில் இலைகளும் சுள்ளிகளும் நுரையோடு மிதந்து வந்தன. அவர் ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார்.

“எல்லாரும் மேல ஏறுங்கடா!”

“இன்னும் பத்து நிமிசம் பெரியப்பா, இப்பத்தான் கடிக்குது!”

“மீனு அடுத்த வாரமும் கடிக்கும். ஏறு.”

முணுமுணுத்துக்கொண்டே ஏறினோம். ஒருவன் தன் வாளியை எடுக்கத் திரும்ப இறங்கப் பார்த்தான். பெரியப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மேட்டில் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேலே லோரி வருவது போல ஒரு சத்தம். வளைவைத் தாண்டிப் பழுப்பு நிறத்தில் தண்ணீர் திரண்டு வந்தது. அதிலே முழு மரம் ஒன்று புரண்டு வந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேலே அப்போதும் வெயில்தான். ஒரு சொட்டு மழை இல்லை!

நம் தலைக்கு மேலே உள்ள வானம்

தோட்டத்துப் பாட்டாளிக்கு வானம் பார்க்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மரப்பட்டை நனைந்திருந்தால் அன்றைக்குப் பால்வெட்டு இல்லை என்பது மரம் சீவுகிறவருக்குத் தெரியும். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் எந்த மேகம் கறுத்தால் எத்தனை நேரத்தில் மழை இறங்கும் என்பது அத்துப்படி. இந்த அனுபவமே ஆற்றங்கரையில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நாம் பார்த்துப் பழகிய வானம் நம் தலைக்கு மேலே உள்ள வானம். ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பதோ பத்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால், மலைக்கு மேலே உள்ள வானம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்ட அலுவலகங்களிலே மழைமானி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 50 மில்லிமீட்டர் என்று பதிவானால் அது நல்ல கனத்த மழை. அதே 50 மில்லிமீட்டர் மழை 20 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் பெய்தால் மொத்தம் 10 லட்சம் கன மீட்டர் தண்ணீர். லிட்டரில் சொன்னால் 100 கோடி லிட்டர்! அதில் ஒரு பகுதியைக் காட்டு மண் குடித்துவிடும். ஏற்கெனவே நான்கு நாள் மழையில் ஊறிய மண்ணாக இருந்தால் அதுவும் குடிக்காது. மீதி முழுவதும் ஓடைகள் வழியாக ஒரே ஆற்றில் வந்து இறங்கும். மேட்டிலே விழுந்த மரங்களும் கிளைகளும் ஆற்றின் குறுக்கே தற்காலிகமாக ஓர் அணை கட்டிக்கொண்டால் ஆபத்து இன்னும் பெரிது. அந்த அணை உடையும்போது தண்ணீர் படிப்படியாக ஏறாது. சுவர் போல வரும்.

மலாய்க்காரர்கள் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். தலை வந்துவிட்டால் உடல் பின்னாலேயே வரும் என்பதை எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள்!

இது கற்பனைப் பயம் அல்ல. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் என்ற ஓராங் அஸ்லி குடியிருப்பில் மலையிலிருந்து சேறும் மரமுமாகத் தண்ணீர் இறங்கியது. 44 உயிர்கள் போயின. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி கெடாவில் குனோங் ஜெராய் மலைச் சாரலில் அதே போன்ற வெள்ளம் வந்து உயிர்ச்சேதம் விளைவித்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பாலிங் வட்டாரத்திலும் அப்படியே. இந்த மூன்று தேதிகளையும் சற்றுக் கவனியுங்கள். ஜூலை, ஆகஸ்டு என்றால் ‘காய்ந்த மாதம்’ என்று நாம் துணிந்து கிளம்புகிற மாதங்கள் அல்லவா?

எந்த மாதம், எந்த நேரம்?

நம் நாட்டில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களின் கிழக்குப் பகுதிகளில் இந்தப் பருவத்தின் முன்பாதியில் பெருமழை கொட்டும். அப்போது அந்தப் பக்கத்து ஆறுகளை மறந்துவிடுவதே நல்லது. மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பொதுவாக மழை குறைவு. ஆனால் மழையே இல்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் இடையில் வருகிற ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரை ஒட்டிய நாட்களும் மேற்குக் கரை மாநிலங்களில் உள்ள நமக்கு மிகவும் சந்தேகமான காலம். காலையில் வெயில் பளிச்சென்று இருக்கும். சூடேறிய காற்று மலைமேல் எழும்பி, மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையுமாக இறங்கும். ஆகவே இந்த மாதங்களில் ஒரு சுலபமான விதி வைத்துக்கொள்ளலாம். பொழுது விடியும்போது தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மூட்டை கட்டிவிட வேண்டும். ஒரு மணிக்குச் சாப்பாடு ஆற்றங்கரையில் அல்ல, மேட்டிலே, வண்டி நிற்கிற இடத்திலே.

வானிலை அறிக்கையைப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஏழு நாட்களுக்கு முன்னறிவிப்புத் தருகிறது. காலை, மாலை, இரவு என்று தனித்தனியாகச் சொல்கிறது. இப்போது கைப்பேசியிலேயே ‘மைசுவாச்சா’ என்ற செயலியில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். நம்மில் பலர் நம் ஊருக்கு என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம். அது போதாது. ஆறு எந்த மலையிலிருந்து வருகிறதோ, அந்த மலைப்பக்கத்து ஊருக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ரிபூட் பெத்திர்’ என்றிருந்தால் இடிமழை என்று பொருள்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘இன்போ பஞ்சிர்’ பக்கத்தில் ஆறுகளின் நீர்மட்டம் வருகிறது. சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகள். விழிப்பு நிலையைத் தொட்ட ஆற்றுக்கு அன்று போக வேண்டாம். ஆனால் மலையடிவாரத்துச் சின்ன ஆறுகள் பலவற்றில் அளவுகோல் கிடையாது. ஆகவே அந்தப் பக்கத்தில் ‘சாதாரணம்’ என்று பார்த்ததை வைத்து மட்டும் ஓடைக்குள் இறங்கிவிடக் கூடாது.

இன்னொன்று. மின்சார நிலையத்து அணைக்குக் கீழே உள்ள ஆறுகளில், மேலே நீரைத் திறந்துவிட்டால், நம்மிடத்தில் மழையே இல்லாதபோதும் தண்ணீர் ஏறும். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் கேமரன் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பெருமழைக்குப்பின் அணை நீர் திறக்கப்பட்டு உயிர்ப்பலி நேர்ந்தது. அணைக்குக் கீழே எச்சரிக்கைப் பலகையும் சங்கும் இருக்கிற இடங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஒதுங்கியிருங்கள்.

என்ன மீன், என்ன இரை?

மீன் பேச்சு இல்லாமல் கட்டுரை எப்படி முடியும்? நம் ஆறுகளின் அரசன் கெலா. கெண்டை இனத்தைச் சேர்ந்தது. பெரிய செதில்கள். செதிலையே பொரித்துத் தின்பவர்கள் உண்டு. தெளிந்து ஓடுகிற குளிர்ந்த நீரும் பாறை நிறைந்த அடியும் அதற்கு வேண்டும். கரையோர மரங்களிலிருந்து விழுகிற பழங்களை விரும்பித் தின்னும். அதனால்தான் பழுத்த செம்பனைப் பழம் அதற்கு நல்ல இரையாகிறது. நம் தோட்டத்துப் பழமே ஆற்று அரசனுக்கு விருந்து! ஆனால் உதிரிப் பழமும் தோட்டத்துச் சொத்துதான். மண்டோரைக் கேட்டுவிட்டுப் பத்துப் பழம் எடுங்கள். கேட்காமல் எடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

லம்பாம் மீனும் செம்பனைப் பழத்துக்கு வரும். பிள்ளைகள் பிடித்துப் பழக ஏற்றது. செபாராவ் வேட்டைக்கார மீன். சின்ன மீன்களைத் துரத்தித் தின்னும். பளபளக்கும் தகட்டு இரையை இழுத்தால் பாய்ந்து வந்து கவ்வும். பாவோங் கெளுத்தி இனம். பொழுது சாய்ந்த பிறகும், தண்ணீர் சற்றுக் கலங்கியிருக்கும்போதும் மண்புழுவுக்கு நன்றாகக் கடிக்கும். அதன் முதுகிலும் பக்கத்திலும் உள்ள முட்கள் குத்தினால் கை விண்விண் என்று வலிக்கும். துணியால் பிடித்துக் கழற்றுங்கள்.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் லேசாகக் கலங்கி ஏறத் தொடங்கும்போது கரையோரப் புழு பூச்சிகள் அடித்துவரப்படுகின்றன. மீன்கள் தின்னக் கிளம்புகின்றன. அன்று எங்களுக்கு ஒரு மணிக்கு மீன் கடித்ததன் காரணம் அதுதான். எந்த நேரத்தில் மீன் ‘இப்பத்தான் கடிக்குது’ என்று தோன்றுகிறதோ, அதே நேரத்தில் மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம். காலையெல்லாம் கடிக்காத மீன் திடீரென்று கடித்தால் மகிழ்ச்சிக்கு முன்னால் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்.

பாட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சுவதும், தூபா வேரை நசுக்கி விடுவதும், வெடி போடுவதும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். அது குஞ்சுகளையும் சேர்த்துக் கொன்று, நம் பிள்ளைகளுக்கு வெறும் தண்ணீரை மட்டும் மிச்சம் வைக்கிற காரியம். சிலாங்கூரில் சீலிங் ஆறு போன்றவை கெலா மீனுக்கான சரணாலயங்கள். அங்கே தூண்டிலைக் கொண்டுபோக வேண்டாம். ஓராங் அஸ்லி கிராமத்து வழியாகப் போவதானால் அவர்களுடைய தோக் பாத்தினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அனுமதி கேட்டதாகவும் ஆயிற்று, நேற்று மேட்டில் மழையா என்று விசாரித்ததாகவும் ஆயிற்று. அந்த ஆற்றைப் பற்றி அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

முடிவை லயத்திலேயே எடுங்கள்

தனியாகப் போகிறவன் பயந்தால் உடனே திரும்பிவிடுவான். கூட்டமாகப் போகிறபோதுதான் சங்கடம். வானம் கறுப்பதை ஒன்பது பேரும் பார்ப்பார்கள். ‘நான் முதலில் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்களே’ என்று ஒன்பது பேரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். பெட்ரோலுக்குக் கொடுத்த காசு கண்முன் நிற்கும். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற வெட்கம் ஒரு பக்கம். ஆபத்து வளர்வது இந்த மௌனத்தில்தான். ஆகவே சனிக்கிழமை இரவே எல்லாரையும் உட்கார வைத்துக் கீழ்க்கண்டவற்றைப் பேசி முடித்துவிடுங்கள்.

முதலாவது, ஒரே தலைவர். அவர் அதிகம் மீன் பிடிப்பவராக இருக்க வேண்டியதில்லை. நிதானமானவராக இருந்தால் போதும். ‘ஏறு’ என்று அவர் சொன்னால் ஏறுவது. ஓட்டெடுப்பு, விவாதம் எல்லாம் மேட்டுக்கு வந்த பிறகு.

இரண்டாவது, ஒருவர் சொன்னாலும் போதும். போவதற்கு எல்லாரும் சம்மதிக்க வேண்டும். திரும்புவதற்கு ஒருவர் சொன்னால் போதும். பத்து வயதுப் பையன் சொன்னாலும் சரிதான்.

மூன்றாவது, விசில். ஆற்றுச் சத்தத்தில் மனிதக் குரல் கேட்காது. ஆளுக்கொரு விசில் கழுத்தில் இருக்கட்டும். மூன்று ஊதல் என்றால் தூண்டில், வாளி, செருப்பு எதையும் பாராமல் மேலே ஏற வேண்டும். ஏறியதும் தலைகளை எண்ண வேண்டும்.

நான்காவது, காவல். மணிக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு, மேல்நோக்கித் தண்ணீர் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவர் கையில் தூண்டில் இருக்கக் கூடாது.

ஐந்தாவது, வண்டி நிற்கிற கரையிலேயே இருப்பது. எதிர்க்கரை எப்போதும் பச்சையாகத்தான் தெரியும். தாண்டிப் போனவர்கள் தண்ணீர் ஏறிவிட்டால் திரும்ப வழி இல்லாமல் நிற்பார்கள். நடு ஆற்று மணல்திட்டில் அடுப்பு மூட்டுவதும் கூடாது. வேகமாக ஓடுகிற நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரிய ஆளையும் தடுமாறி விழச் செய்துவிடும் என்கிறார்கள்.

ஆறாவது, பொதுப்பணம். தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று முன்பே வசூல் செய்யுங்கள். பயணம் நின்றுபோனால் அந்தப் பணம் அடுத்த வாரத்துக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசு வீணாகாது என்று தெரிந்தால் திரும்பிப் போக மனம் வரும். கட்டணம் வாங்குகிற மீன்குளம் ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் மழை என்றால் அங்கே போய்ப் பிள்ளைகளின் ஆசையைத் தீர்க்கலாம்.

ஏழாவது, புட்டி வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். குடித்தவன் காதுக்கு விசில் சத்தம் கேட்காது. அவனைத் தூக்கப் போகிறவனையும் சேர்த்து ஆறு கேட்கும்.

ஆறு சொல்லும் அடையாளங்கள்

கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் தூண்டிலைப் பிரிக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கரையோர மரக்கிளைகளில் குப்பையும் காய்ந்த புல்லும் சிக்கிக்கொண்டிருக்கும். போன வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்பதற்கு ஆறு எழுதி வைத்த கணக்கு அது. அந்த உயரத்துக்கு மேலேதான் மூட்டையை வைக்க வேண்டும். ஏறுவதற்கு வழியையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓரத்திலே ஒரு குச்சியை நட்டு, நீர் தொடுகிற இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். காவல்காரருக்கு அதுவே மழைமானி.

தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் நுரையும் கூட்டமாக வந்தால், தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால், தூரத்திலே இரைச்சல் கேட்டால், கீறிய கோட்டைத் தண்ணீர் தாண்டினால் ஏறிவிடுங்கள். காரணமில்லாமல் தண்ணீர் குறைந்தாலும் ஏறிவிடுங்கள். மேலே எதுவோ அடைத்துக்கொண்டிருக்கலாம். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலே போதும். இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இடியையும் மறக்கக் கூடாது. இப்போது விற்கிற கார்பன் தூண்டில் கழிகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியவை. மின்னலைப் பார்த்ததிலிருந்து எண்ணுங்கள். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கழியைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். தனி மரத்தடி பாதுகாப்பான இடம் அல்ல.

இரவு தங்குவதாக இருந்தால், நீர்மட்டத்தை மட்டுமல்ல, முதுகுப்பக்கத்து மேட்டையும் பாருங்கள். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலியில் கூடாரங்களின் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டதை நாம் மறக்க முடியுமா? தொடர்மழைக் காலத்தில் செங்குத்தான சரிவுக்குக் கீழே கூடாரம் வேண்டாம்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு

கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. கிளம்புமுன் ஒரு தாளிலே நான்கு செய்திகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆறு, எந்த வழியாக இறங்குகிறார்கள், யார் யார் போகிறார்கள், வண்டி எண் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள். வண்டி எண்ணையும் சேர்த்தால் ஐந்து ஆகிறது. ஆகட்டும்! ஆற்றோரத்தில் பல இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. சொன்ன நேரத்துக்குமேல் இவ்வளவு நேரம் ஆனால் தேடச் சொல்வது என்று முன்பே பேசி வைத்து, அந்த நேரம் வந்ததும் தயங்காமல் 999ஐ அழையுங்கள். ‘வந்துடுவாங்க’ என்று நள்ளிரவு வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

போகிறவர்கள் வெறுங்காலோடு ஆற்றில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு காயத்தின் வழியாகப் புகுந்து காய்ச்சலை உண்டாக்கும். எலிக் காய்ச்சல் என்பது அதுதான். 2010ஆம் ஆண்டு பகாங்கில் லுபோக் யூ என்ற இடத்தில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களே இத்தகைய நோய்களால் உயிரிழந்தார்கள். ஆற்றுக்குப் போய் வந்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ‘ஆற்றில் இறங்கினார்’ என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை சிகிச்சையை விரைவாக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. வெறுங்கையோடு திரும்பி வந்தவரைப் பார்த்து, “இதுக்குத்தான் விடிகாலையில கிளம்புனீங்களா?” என்று கேலி பேசாதீர்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் இன்னும் அரை மணி நேரம் ஆற்றில் நிற்கிறார்கள்.

தண்ணீர் வராத நாள்

பெரியப்பாவைப் பற்றி இன்னொரு கதை சொல்லி முடிக்கிறேன். வெள்ளம் வந்த அந்த நாளுக்குப் பிறகு எங்கள் லயத்தில் அவர் பெரிய வீரராகிவிட்டார். நான்கு மாதம் கழித்து மறுபடியும் ஆற்றுக்குப் போனோம். அன்றும் அவர் பதினொரு மணிக்கு விசில் ஊதினார். இரண்டு மூன்று சுள்ளிகள் மிதந்து வந்ததாம். எல்லாரும் மேலே ஏறி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. கடைசியில் நாலு லம்பாம் மீனோடு வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் அவரைக் கிண்டல் செய்தோம். அவர் பிரட்டுக் களத்துக்கு வந்தால் யாராவது ஒருவன் வாயாலேயே மூன்று முறை விசிலடிப்பான். எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

ஒரு நாள் நான் கேட்டேன், “பெரியப்பா, அன்னைக்குத் தண்ணி வரலையே, உங்களுக்கு வெக்கமா இல்லையா?”

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: “தண்ணி வராத நாளுல பத்துத் தடவ ஏறுனாத்தான், வர்ற நாளுல ஒரு தடவ ஏறியிருப்போம். வர்ற நாளு எதுன்னு எனக்கென்ன சீட்டா எழுதி அனுப்புது?”

அந்த வயதில் அது எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறபோது என் சட்டைப் பையிலும் ஒரு விசில் இருக்கிறது. இரண்டு முறை அதை ஊதியிருக்கிறேன். இரண்டு முறையும் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள் என்னைக் கேலி செய்தார்கள். மேட்டிலே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, தலைகளை எண்ணிப் பார்த்தேன். எத்தனை பேர் போனோமோ அத்தனை பேரும் இருந்தோம்.